ஐந்தாவது துணைத்தேற்றத்தில் ஓர் ஓட்டை

தண்ணி பாட்டிலைக் கீழ வைக்காதீங்க சார். டிரைவர் பிரேக் போட்டா உருண்டு நேரா அவர் காலுக்கடியில போய் நிக்கும். பெடலுக்குக் கீழ மாட்டுச்சுன்னா நாப்பது பேர் கதை முடிஞ்சிரும். மடியில வச்சுக்கோங்க. ஆங், அப்படி.

தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அந்தப் புத்தி. எங்க போனாலும் எது எப்படிக் கெட்டுப்போகும்னுதான் கண்ணு முதல்ல பாக்கும். முப்பத்திமூணு வருஷம் அதைத்தான் பாடமா நடத்தினேன். பேரு குமரகுருபரன். முனைவர் குமரகுருபரன். இங்க ஒரு பொறியியல் கல்லூரியில கணினித்துறை. போன மே மாசம் ஓய்வு. நீங்க மருந்துக் கம்பெனியா? பையைப் பாத்தாலே தெரியுது. மதுரை வரைக்குமா? நல்லதாப் போச்சு. பேச ஆள் இருந்தா பஸ்ல நேரம் போறது தெரியாது.

என் வழியனுப்பு விழாவுக்கு எத்தனை பேர் வந்தாங்க தெரியுமா? ஆறு பேர். அதுல ரெண்டு பேர் நாற்காலி எடுத்துப் போட வந்தவங்க. முப்பத்திமூணு வருஷம் சார்! எல்லாம் ஒரே ஒரு பொம்பளையால. இல்லை, நீங்க நினைக்கிற மாதிரி எதுவும் இல்லை. கணக்கு விஷயம். நான் ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன். அது ஒண்ணுதான் நான் செஞ்சது.

என்ன தப்புன்னு சொன்னா உங்களுக்குப் புரியும். கஷ்டமே இல்லை. இப்ப ஒரு மிஷின் இருக்குன்னு வைங்க. கன்வேயர் பெல்ட். அது நிக்குது, கிளம்புது, ஓடுது, அடங்குது. நாலு நிலை. நாலு வட்டம் போட்டு, எதுலேருந்து எதுக்குப் போகுதோ அதுக்கு ஒரு அம்பு போட்டா அந்த மிஷினோட முழு சரித்திரமும் காகிதத்துல வந்துரும். எந்த வட்டத்துல ஆபத்துன்னு விரல் வச்சுக் காட்டலாம். இதுவரைக்கும் பிள்ளைங்க விளையாட்டு.

ரெண்டு மிஷின் ஒரே நேரத்துல ஓடுதா? நாலு நாலு பதினாறு வட்டம். மூணு மிஷினா? அறுபத்துநாலு. பத்து மிஷின்னா பத்து லட்சத்தைத் தாண்டிரும். பதினெட்டு மிஷின்னா ஆறாயிரம் கோடிக்கு மேல. எந்தக் கம்ப்யூட்டரை வச்சு இத்தனையையும் நடந்து பாக்குறது? அதனால இதைச் சுருக்கணும். சுருக்கினாலும், ஆபத்தான வட்டம் ஒண்ணுகூட விட்டுப்போகக் கூடாது. அதுதான் எங்க துறை.

எப்படிச் சுருக்குறது? நான் இங்க செருப்பைக் கழட்டுறேன். உங்க வீட்டம்மா அங்க ஃபேனைப் போடுறாங்க. எது முதல்ல நடந்தா என்ன? எது பின்னாடி நடந்தா என்ன? ரெண்டும் முடிஞ்ச பிறகு உலகம் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்ப ரெண்டு வரிசையையும் பாக்க வேண்டாம், ஒண்ணைப் பாத்தாப் போதும். செருப்பை இப்பப் பாப்போம், ஃபேனை அப்புறம் பாத்துக்கலாம். இந்த "அப்புறம் பாத்துக்கலாம்"லதான் ஆறாயிரம் கோடி ஆயிரங்கள்ல வந்து நிக்கும். ஆனா ஒரு வில்லங்கம் இருக்கு. மிஷின் சுத்திச் சுத்தி அதே வட்டத்துக்கு வந்துக்கிட்டே இருந்தா, "அப்புறம்"னு விட்டது கடைசி வரைக்கும் வரவே வராது. அதுக்குப் பழைய ஆளுங்க ஒரு நிபந்தனை வச்சிருக்காங்க. எந்தச் சுத்தா இருந்தாலும், ஒரு இடத்துலயாவது நின்னு, தள்ளிப்போட்டது எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் போகணும். கெடுபிடியான நிபந்தனை. சுருங்கினது மறுபடி ஊதிரும்.

அமலி அந்த நிபந்தனையைத் தளர்த்தினா.

அமலோற்பவ மேரி. நாங்க அமலின்னு கூப்பிடுவோம். என்னைவிடப் பன்னெண்டு வயசு சின்னவ. மணப்பாடு பக்கம். கல்யாணம் பண்ணிக்கல. துறையில சேர்ந்த ரெண்டாம் மாசம் என் ரூமுக்கு வந்தா. கதவைச் சாத்துனா. நான் என்னமோ ஏதோன்னு பாக்குறேன், மெதுவாச் சொல்றா: "சார், உங்க முனைவர் பட்டத் தேற்றத்தைப் படிச்சேன். அழகா இருக்கு. ஆனா அது முன்னாடியே வந்த ஒரு முடிவுக்குள்ள அடங்கிருதோன்னு தோணுது. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்க இந்த ஒரு இடத்தை மட்டும் மாத்தி எழுதிட்டீங்கன்னா இன்னும் பலமா நிக்கும்." ஒரு தாளும் கொண்டுவந்திருந்தா, எங்க மாத்தணும்னு அவளே எழுதி.

அந்தத் தேற்றத்துக்கு நான் எட்டு வருஷம் குடுத்தவன் சார். நாப்பத்திநாலு வயசுல பட்டம் வாங்கினவன். எல்லார் முன்னாடியும் சொல்லியிருந்தான்னா சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். தனியா வந்து சொன்னா பாருங்க. கதவைச் சாத்திட்டு. எனக்கு வலிக்கக் கூடாதாம்! அதைத்தான் என்னால பொறுக்க முடியல. "ரொம்ப நன்றிம்மா"ன்னு சிரிச்சேன். அந்தத் தாளைக் கிழிச்சுக் குப்பையில போட்டேன். அவ போன பிறகுதான். மரியாதை தெரியாதவன் இல்லை நான்.

அப்புறம் ஏழு வருஷம் ஒண்ணா வேலை பாத்தோம். ஒரு மனஸ்தாபம் கிடையாது. அவளுக்கு என்மேல நல்ல மதிப்பு. அதனாலதான் அந்த நிபந்தனையைத் தளர்த்துற ஆய்வுக் கட்டுரையை வரைவா எழுதி முடிச்சதும் முதல்ல என்கிட்டயே கொண்டுவந்து குடுத்தா. நாப்பத்தோரு பக்கம். "நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதி சார். உங்க கண்ணுக்கு எந்தப் பிழையும் தப்பாது"ன்னா.

உண்மைதானே அது? ஒன்பது நாள் படிச்சேன் சார். ராப்பகலா இல்லை, ஒழுங்கா, தினம் காலையில ரெண்டு மணி நேரம். ஒன்பதாவது நாள் இருபத்தேழாவது பக்கம். ஐந்தாவது துணைத்தேற்றம், அதாவது பெரிய தேற்றத்தைத் தாங்குற படிக்கல் மாதிரி. முதல் நாலும் இரும்பு. அஞ்சாவதுல ஒரு ஓட்டை. ரெண்டு சுத்து ஒரே வட்டத்துல வந்து சேருதுன்னு வைங்க, எட்டு எழுதின மாதிரி. தள்ளிப்போட்டதை அந்தச் சுத்து பாத்துக்கும்னு இந்தச் சுத்து விட்டுருது. இந்தச் சுத்து பாத்துக்கும்னு அது விட்டுருது. கடைசியில யாரும் பாக்கல. அஞ்சு வட்டம், ஆறு அம்பு, அவ்வளவுதான் படம். பாத்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு. வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷம் எனக்கு எப்ப வந்துச்சுன்னு யோசிச்சுப் பாக்குறேன், என் மகள் பிறந்தப்போகூட அப்படி இல்லை.

பத்தாவது நாள் வரைவைத் திருப்பிக் குடுத்தேன். "எப்படி சார்?"ன்னா.

"நல்லாருக்கும்மா. ரெண்டு எழுத்துப் பிழை இருக்கு, குறிச்சிருக்கேன்"னேன்.

அவ முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க. குழந்தை மாதிரி. "நெசமாவா சார்? அஞ்சாவதுல எனக்குக் கொஞ்சம் பயம் இருந்துச்சு"ன்னா. அஞ்சாவதுலன்னு அவளே சொல்றா!

"அஞ்சாவதுதான் ரொம்ப நல்லாருக்கு"ன்னேன்.

ஏன் சொல்லலன்னு கேக்குறீங்களா? எல்லாத்துக்கும் ஒரு இடம் இருக்கு சார். அறிவு விஷயத்தை மூடின கதவுக்குப் பின்னாடி சொல்லக் கூடாது. சபையில சொல்லணும். நாலு பேர் சாட்சியா இருக்கணும். நான் சரியான சபைக்காகக் காத்திருந்தேன்.

இதுக்கு நடுவுல ஒரு தனியார் நிலக்கரி இறங்குதளத்துலேருந்து கல்லூரிக்கு ஆள் வந்தாங்க. கப்பல்லேருந்து கரி இறக்க பதினெட்டு பெல்ட் புதுசாப் போட்டிருக்காங்க. நடுவுல ஹாப்பர். ஹாப்பர்னா ஒரு வீடு அளவுக்குப் பெரிய புனல்னு வச்சுக்கோங்க. மேல பெல்ட் வந்து கரியைக் கொட்டும், கீழ வேற பெல்ட் அள்ளிட்டுப் போகும். எல்லாத்தையும் ஓட்டுறது ஒரு தானியங்கிக் கட்டுப்பாடு. அதுல தப்பு இருக்கான்னு சோதிச்சுச் சொல்லணும். அமலியோட முறையை வச்சுத்தான் சோதிச்சோம். ஆறாயிரம் கோடி எழுபதாயிரமாச் சுருங்கிருச்சு! நாப்பது நிமிஷத்துல கம்ப்யூட்டர் முடிச்சிருச்சு. தப்பு எதுவும் இல்லைன்னு வந்துச்சு. ஜூன் மாசம் அறிக்கை குடுத்தோம். முதல் கையெழுத்து அவ. ரெண்டாவது நான்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம் வேற சார். கம்ப்யூட்டர் "தப்பு இல்லை"ன்னு சொல்லிச்சு. அப்படிச் சொல்லிச்சுங்கறதுக்குத்தான் நான் கையெழுத்துப் போட்டேன். அது பொய்யா? அதுவுமில்லாம, முறையில ஓட்டை இருந்தா முடிவு தப்பாத்தான் இருக்கும்னு இல்லையே. இருக்கலாம். இருக்கலாம்னா இருக்கும்னு அர்த்தமா? கணக்குல இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம்.

சபை அடுத்த ஜனவரியில வந்துச்சு. அகில இந்தியக் கருத்தரங்கு, எங்க கல்லூரியிலேயே. சென்னை, பெங்களூர், கரக்பூர், எல்லா இடத்துலேருந்தும் ஆளுங்க. ஜனவரி இருபத்திநாலு, வெள்ளிக்கிழமை. அமலி நீலப் பட்டுப்புடவை கட்டி வந்திருந்தா. அவ அம்மாவைக் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வச்சிருந்தா. அந்தம்மாவுக்கு ஒரு எழுத்துப் புரியாது. மகள் மேடையில பேசுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு. அமலி முப்பத்தஞ்சு நிமிஷம் பேசினா. நல்லாத்தான் பேசினா. கைதட்டல் முடியட்டும்னு பொறுத்தேன். அப்புறம் எந்திரிச்சு, "ஒரு சின்ன சந்தேகம், பலகைக்கு வரலாமா?"ன்னேன்.

அஞ்சு வட்டம் போட்டேன். ஆறு அம்பு போட்டேன். "இந்தப் பொத்தானை யாரும்மா பாத்துப்பா?"ன்னு கேட்டேன். உதாரணத்துக்கு ஒரு பொத்தான்னு வச்சிருந்தேன், புரியறதுக்காக.

அமலி பலகைக்குப் பக்கத்துல வந்து ஒவ்வொரு அம்பாப் பாத்தா. நான் சுண்ணாம்புக்கட்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன், அவசரமே இல்லை எனக்கு. அப்புறம் சொன்னா: "ஆமா. தப்புதான். அஞ்சாவது துணைத்தேற்றம் நிக்காது." என்னைப் பாத்தா. "இதை எப்ப சார் கவனிச்சீங்க?"

"இப்பத்தான்மா, நீ பேசும்போது"ன்னேன். அது ஒரு நயம். கொஞ்ச பேர் சிரிச்சாங்க. அவ்வளவு வேகமாப் பிடிச்சுட்டாரேன்னு.

அவ்வளவுதான், மைக்கை வச்சுட்டு வெளியே ஓடிட்டா சார். தாயைக்கூட விட்டுட்டு. அவமானம் தாங்காம ஓடுறான்னு நான் நினைச்சேன், எல்லாருமே அப்படித்தான் நினைச்சாங்க. நாங்க டீ குடிச்சோம், பெங்களூர்க்காரர் ஒருத்தர் என் முதுகுல தட்டிக் குடுத்தார். பிறகுதான் தெரிஞ்சது, அவ போன் பண்ண ஓடியிருக்கா. இறங்குதளத்துக்கு. "பெல்ட்டை நிறுத்துங்க, எங்க அறிக்கையை நம்பாதீங்க"ன்னு. அங்க இருந்த மேலாளர் சிரிக்காத குறை. "கப்பல் நிக்குது மேடம். வாயால சொன்னா நிறுத்த முடியுமா? ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டுக் குடுத்த அறிக்கை. அதை வாபஸ் வாங்கணும்னா அதே ரெண்டு பேர் கையெழுத்தோட கடிதம் குடுங்க"ன்னுட்டான்.

சனிக்கிழமை காலையில என் வீட்டு வாசல்ல வந்து நிக்கா. கையில கடிதம். அவ கையெழுத்துப் போட்டாச்சு, எனக்கு இடம் விட்டிருந்துச்சு. "சார், ஒரு கையெழுத்து. நான் அப்படியே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்"ன்னா.

வாங்கிப் படிச்சேன். "எங்கள் முறையில் பிழை உள்ளது"ன்னு இருந்துச்சு. எங்கள்! நான் எங்க வந்தேன் அதுல? "இப்படி எழுதினா எப்படிம்மா? உன் முறை. பிழை உன்னோடது. அதைக் கண்டுபிடிச்சது யாருன்னும் இருக்கணும் இல்லையா? மாத்தி எழுதிட்டு வா"ன்னேன்.

"எப்படி வேணும்னாலும் எழுதுறேன் சார். இங்கயே எழுதட்டுமா?"ன்னா. வாசப்படியில உக்காந்துட்டா, கேட்டீங்களா, பேனாவை எடுத்துக்கிட்டு. அக்கம்பக்கம் பாக்குது. "வாசல்ல உக்காந்து எழுதுற விஷயமா இது? நிதானமா எழுதி, டைப் அடிச்சு, திங்கக்கிழமை கல்லூரிக்குக் கொண்டா"ன்னு அனுப்பினேன்.

திங்கக்கிழமை கொண்டுவந்தா. எல்லாம் என் பேர் போட்டு, நான் சொன்ன மாதிரியே. ஆனா "கவனக்குறைவால்"ங்கற வார்த்தை இல்லை. பிழைன்னா காரணம் வேண்டாமா? திருப்பி அனுப்பினேன். புதன்கிழமை "கவனக்குறைவால்" வந்துருச்சு, ஆனா ஒற்றுப்பிழை. நான் கையெழுத்துப் போடுற தாள்ல ஒற்றுப்பிழை இருக்கலாமா? என் மேஜைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு, "சார், அந்த ஹாப்பருக்குள்ள ஆள் இறங்குவாங்க சார்"ன்னா. "உணர்ச்சிவசப்படாதம்மா. ஏழு மாசமா ஓடுது, ஒண்ணும் ஆகல. இன்னொரு நாள்ல என்ன ஆயிரப்போகுது?"ன்னேன். நியாயமான பேச்சுத்தானே? நீங்களா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீங்க.

வியாழக்கிழமை காலையில ஒன்பதரை மணிக்கு, எல்லாம் சரியா வந்த தாள்ல கையெழுத்துப் போட்டேன். ஓட்டமும் நடையுமாப் போனா. ஆட்டோ பிடிச்சுப் போயிருக்கா. அவ கேட்டுக்குள்ள நுழையுறதுக்கும் ஆம்புலன்ஸ் வெளியே வர்றதுக்கும் சரியா இருந்துச்சாம்.

பேச்சிமுத்துன்னு ஒருத்தன். ஒப்பந்தத் தொழிலாளி, முப்பத்திநாலு வயசு. ஹாப்பர் சுவர்ல ஒட்டின கரியைச் சுரண்டுற வேலை. உள்ள இறங்குறதுக்கு முன்னாடி "ஆள் உள்ளே"ன்னு ஒரு பொத்தானை அமுக்கணும். ஒழுங்கா அமுக்கியிருக்கான். அதுல அவன்மேல தப்பே இல்லைன்னு பிறகு நிரூபணமாச்சு. பொத்தானை அமுக்கினா கட்டுப்பாட்டுல ஒரு குறிப்பு விழும். ஆனா கீழ் பெல்ட் கிளம்புற நேரத்துல அந்தக் குறிப்பைப் பாக்கவே பாக்காது. அதுதான் கட்டுப்பாட்டுல இருந்த தப்பு. நாங்க சோதிச்சப்போ ஏன் சிக்கலன்னா, அந்தப் பொத்தானை இந்தச் சுத்து அந்தச் சுத்துக்குத் தள்ளிருச்சு, அந்தச் சுத்து இந்தச் சுத்துக்குத் தள்ளிருச்சு. எழுபதாயிரம் வட்டத்துல, பொத்தானை அமுக்கின வட்டம் ஒண்ணுகூட இல்லை. அமுக்கினா என்ன ஆகும்னு கம்ப்யூட்டர் எட்டியே பாக்கல! நான் பலகையில போட்ட படம் அச்சு அசலா அப்படியே நடந்திருக்கு சார். கணக்கு பொய் சொல்லாது. காலையில பத்தே காலுக்கு, அவன் உள்ள இருக்கும்போதே கீழ் பெல்ட் கிளம்பிருச்சு.

அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டம்மா ஒரே ஒரு வார்த்தை சொன்னா. "சனிக்கிழமையே போட்டிருக்கலாம்ல"ன்னு. அதுலேருந்து வேளாவேளைக்குச் சோறு வரும், பேச்சு வராது. ஒற்றுப்பிழையைப் பத்தி அவகிட்ட என்னத்தைப் பேசுறது?

பல்கலைக்கழகத்துலேருந்து விசாரணைக் குழு வந்துச்சு, மூணு பேர். அமலி என்ன சொன்னா தெரியுமா? "முறை என்னோடது, பிழை என்னோடது, முழுப் பொறுப்பும் என்னோடது." வேற பேச்சே இல்லை. என் கையெழுத்தைப் பத்திக் கேட்டாங்க. "அவர் என்னை நம்பிப் போட்டார்"ன்னுட்டா. என்னைக் கூப்பிட்டு, "உங்களுக்கு இந்தப் பிழை எப்பத் தெரியும்?"ன்னாங்க. "கருத்தரங்கு அன்னைக்கு"ன்னேன். அந்த இடத்துக்கு அதுதான் பொருத்தமா இருந்துச்சு. அவ வேலையை விட்டுப் போயிட்டா. கல்லூரியும் நிம்மதியாச்சு. ஆனா ஆசிரியர் அறையில நான் போய் உக்காந்தா ஒவ்வொருத்தரா எந்திரிச்சுப் போவாங்க. நாலு வருஷம் சார்! நான் கண்டுபிடிச்சவன். ஏதோ நானே பெல்ட்டை ஓட்டுன மாதிரி.

சரி, அதெல்லாம் போகட்டும். இப்ப மூணு மாசம் முன்னாடி ஒரு சர்வதேச ஆய்விதழைப் பாக்குறேன். என் படம்! அஞ்சு வட்டம், ஆறு அம்பு. போலந்துக்காரன் ஒருத்தன் அந்த அக்டோபர் மாசமே, கருத்தரங்குக்கு மூணு மாசம் முன்னாடியே, அதை வெளியிட்டிருக்கான். இப்ப அந்த இரட்டைச் சுத்துக்கே அவன் பேரை வச்சுட்டாங்க. நான் மார்ச் மாசமே பாத்தவன் சார்! அவனுக்கு ஏழு மாசம் முன்னாடி! என் குறிப்பேட்டுல தேதி போட்டு எழுதியிருக்கேன், மார்ச் பதினொண்ணு. ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன். அவங்க மரியாதையாப் பதில் போட்டாங்க: குறிப்பேடு மட்டும் போதாது, அந்த வரைவை எழுதினவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கி, உங்க பல்கலைக்கழகப் பதிவாளர் மூலமா அனுப்புங்கன்னு.

அதனால நேத்து மணப்பாடு போனேன். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில். கடலுக்குப் பக்கத்துல சின்ன ஓட்டுவீடு. அமலிக்குத் தலை பாதி நரைச்சிருச்சு. பிளஸ் டூ பிள்ளைங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்காளாம். என்னைப் பாத்ததும் எந்திரிச்சு நின்னா, பழைய மரியாதை போகல. "வாங்க சார். அக்கா, சாருக்குக் காபி"ன்னு உள்ள பாத்துச் சொன்னா. ஒரு பொம்பளை காபி கொண்டுவந்து வச்சது. வேலைக்காரின்னு நினைச்சேன். "இவங்க இசக்கியம்மா. பேச்சிமுத்து வீட்டுக்காரங்க"ன்னா. பக்கத்து வீட்டுலயே குடி வச்சிருக்கா. அவங்க மகளைப் படிக்க வைக்கறதும் இவதான். பாவமன்னிப்பு மாதிரி ஏதோ. அவங்க மதத்துல அப்படி.

நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். போலந்துக்காரன், அக்டோபர், எல்லாம். "ஆனா நீங்க ஜனவரியிலதானே சார் பாத்தீங்க?"ன்னா.

"அது சபைக்காகச் சொன்னதும்மா. நீ வரைவு குடுத்த ஒன்பதாவது நாளே பாத்துட்டேன். இந்தா பாரு"ன்னு குறிப்பேட்டைப் பிரிச்சு வச்சேன். படம், கீழ தேதி, நேரம்கூடப் போட்டிருப்பேன். காலை ஏழு நாப்பது.

பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. படத்தை இல்லை, தேதியை. விரலை அதுமேல வச்சா, எடுக்கல. நாலு வருஷமா அவ தன்னோட அஞ்சாவது துணைத்தேற்றத்தைத்தானே நினைச்சுக்கிட்டு இருந்திருப்பா. எனக்கே கொஞ்சம் பெருமையாத்தான் இருந்துச்சு, அவளும் ஒரு காலத்துல நல்ல ஆராய்ச்சியாளர்தானே, அந்த வேகத்தை மதிக்கறான்னு.

அந்த இசக்கியம்மாதான் கேட்டது. நிலைப்படியில சாஞ்சு நின்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கு. "டீச்சர், அப்ப சாருக்கு முன்னாலயே தெரியுமா?"

நான்தான் சொன்னேன்: "தெரியும்னு சொல்ல முடியாதும்மா. கணக்குல தெரியும். நெசத்துல நடக்கும்னு யாருக்கும் தெரியாது."

"எத்தனை மாசம் முன்னால?"

"பத்து மாசத்துக்கும் மேல"ன்னேன். உண்மையை மறைக்கற பழக்கம் எனக்கு இல்லை.

அந்தப் பொம்பளை என்ன பண்ணுச்சு தெரியுமா? நேரா வந்து எனக்கு முன்னாடி இருந்த காபியை எடுத்துட்டுப் போயிருச்சு. பாதிகூடக் குடிக்கல நான். சுடச்சுட இருந்துச்சு. கொல்லையில ஊத்துற சத்தம் கேட்டுச்சு. என்ன செய்யறது, படிக்காத சனம். அமலியாவது ஒரு வார்த்தை கண்டிப்பான்னு பாத்தேன். அவ பாட்டுக்குத் தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டா.

எழுதி முடிச்சு, சாட்சின்னு இசக்கியம்மாவைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னா. அது ஒவ்வொரு எழுத்தா எழுதி முடிக்கற வரைக்கும் பக்கத்துலேயே நின்னா. என்கிட்ட நீட்டி, "பதிவாளர்கிட்டயே நேராக் குடுத்துருங்க சார்"ன்னா. அந்த விசாரணைக் கோப்பும் அவர்கிட்டத்தான் இருக்கு, அதனால தேதியெல்லாம் ஒத்துப் பாக்க அவருக்கும் வசதிதான். நான் கிளம்புறப்போ வாசல் வரைக்கும் வரல. கதவை மட்டும் சாத்திக்கிட்டா.

இன்னைக்குக் காலையில முதல் வேலையா அதைத்தான் முடிச்சேன். பதிவாளர் அலுவலகத்துல குடுத்து, முத்திரை போட்டு, ரசீது வாங்கிட்டுத்தான் பஸ் ஏறுனேன். நகல் என்கிட்ட இருக்கு. படிக்கட்டுமா? நாலஞ்சு வரிதான். அவ எழுத்து எப்பவுமே சுருக்கம்.

"என் ஆய்வு வரைவை மார்ச் 3 அன்று முனைவர் குமரகுருபரனிடம் கொடுத்தேன். அதிலுள்ள பிழையை மார்ச் 11 அன்றே கண்டதாக அவர் இன்று என் வீட்டில் கூறி, அத்தேதியிட்ட குறிப்பேட்டையும் காட்டினார். ஜூன் 20 அன்று இறங்குதள அறிக்கையில் என்னோடு கையெழுத்திட்டார். ஜனவரி 24 அன்று கருத்தரங்கில் பிழையைச் சொன்னார். ஜனவரி 30 காலை பத்தே காலுக்குப் பேச்சிமுத்து இறந்தார்."

பாத்தீங்களா? எவ்வளவு துல்லியம்! ஒரு தேதி பிசகல. மார்ச் பதினொண்ணுன்னு ஆணி அடிச்ச மாதிரி சொல்லிட்டா, இனி அந்தப் போலந்துக்காரன் வாயைத் திறக்க முடியாது. ஜூன் மாசக் கையெழுத்தைச் சொன்னதும் நல்லதுதான். நான் அந்த வேலையில எவ்வளவு பொறுப்பா இருந்தேன்னு படிக்கறவங்களுக்குத் தெரியும். மனசுல எவ்வளவு வன்மம் இருந்தாலும், எழுதறப்போ நேர்மையா எழுதிட்டா. அந்த மட்டும் அவளைப் பாராட்டணும்.

அந்தக் கடைசி வரி மட்டும் தேவையில்லாதது. ஆய்வுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? வெட்டிட்டு அனுப்பலாமான்னு அலுவலக வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் யோசிச்சேன். ஆனா ரெண்டு பேர் கையெழுத்தும் அதுக்கு நேர் கீழ, அதை ஒட்டியே இருக்கு. அதை வெட்டினா கையெழுத்தும் சேர்ந்து போயிரும். சரி, இருந்துட்டுப் போகட்டும்னு அப்படியே குடுத்துட்டேன்.